ஒன்றரை அடியில் நின்ற ஷட்டர்

சோழவந்தானில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை, கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. கடை வாசலில் நான் மாட்டிய மரப்பெட்டிக்குள் நேற்றுக் காலை சிட்டுக்குருவிக் குஞ்சுகளின் சத்தம் கேட்டது. போன வருடம் பங்குனியில் ஆரம்பித்த வேலை, இந்த வருடம் பங்குனியில்தான் சரியாக வந்து நின்றிருக்கிறது. நடுவில் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன். ஷட்டர் போட்ட கடை வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கலாம்.

போன வருடம் எனக்கு அம்மை போட்டிருந்தது. மூன்று தண்ணீர் ஊற்றி, ஜெனகை மாரியம்மன் கோவிலுக்குப் போய் வந்து, கடைப் பக்கம் தலைகாட்ட 16 நாள் ஆகிவிட்டது. வேலை பழகும் பையனையும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஷட்டரை யாரும் தொடவில்லை.

ஷட்டர் முழுதாக இறங்கியிருக்கும்போது மேலே உருளையில் ஒன்றிரண்டு சுற்றுதான் மிச்சமிருக்கும். அதை மூடியிருக்கும் தகரப் பெட்டிக்குள் நல்ல இடம் கிடைக்கும். தூக்கினால் எட்டரை அடித் தகடும் சுருண்டு அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். தினமும் ஏறி இறங்கும் ஷட்டரில் குருவி கூடு கட்டாது, கட்டினாலும் நிற்காது. 16 நாள் அசையாமல் கிடந்தால் அதற்கு அது சுவரில் இருக்கும் பொந்து.

ஏப்ரல் 3 காலை. பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினேன். ஒன்றரை அடி ஏறியதும் மேலிருந்து வைக்கோல் கொட்டியது. கூடவே ஒரு முட்டை என் காலடியில் விழுந்து உடைந்தது. வெள்ளை ஓட்டில் பழுப்புப் புள்ளி. உள்ளே மெல்லிசாகச் சிவப்பு நரம்புகள் ஓடியிருந்தன. அடைகாக்கத் தொடங்கிச் சில நாள் ஆகிவிட்டது என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. பெண் குருவி வெளியே பறந்து எதிர்க் கம்பியில் உட்கார்ந்து கத்தியது. கையை எடுக்காமல் ஷட்டரைப் பிடித்தபடியே நின்றேன். மேலே தூக்கினால் கூடு நசுங்கும். இறக்கினால் தகட்டில் சிக்கியிருக்கும் வைக்கோலோடு கூடும் இழுபடும்.

பையனைக் கூப்பிட்டு, ஷட்டர் ஓடும் இரண்டு பக்கச் சேனலிலும் அதற்கு அடியில் 18 அங்குலச் சவுக்குக் கட்டையை நிறுத்தி வைத்தேன். கட்டை இறங்க விடாது, ஆனால் ஏறுவதைத் தடுக்காது. பழக்க தோஷத்தில் யாராவது தூக்கிவிட்டால்? அதனால் சேனலில் ஷட்டர் அடிப்பட்டைக்கு நேர் மேலே பக்கத்துக்கு ஒரு சி கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அப்புறம்தான் கையை எடுத்தேன்.

கூட்டைப் பார்க்கப் பழைய டிவிஎஸ் எக்ஸெல் கண்ணாடியை முக்கால் அங்குல பிவிசி குழாயின் நுனியில் கட்டி, பக்கத்தில் சின்ன டார்ச்சையும் சேர்த்து டேப் சுற்றினேன். பின் கதவு வழியாக உள்ளே போய், உள்பக்கமிருந்து கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால் வலது மூலையில், பிராக்கெட்டுக்கும் உருளைக்கும் நடுவில், மூன்று முட்டை. பத்து வினாடிக்கு மேல் டார்ச் அடிக்கவில்லை. கூட்டில் வைக்கோலும் கோழி இறகும் மட்டுமல்ல, என் கடையின் காட்டன் டேப்பும் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் நூலும் பின்னிக் கிடந்தன. அன்றைக்கு அது எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அதன் ஆபத்து பிறகுதான் புரிந்தது.

முதல் பெரிய தவறு அன்றைக்கே நடந்தது. "அண்ணே, கூட்டை அப்படியே ஒரு பெட்டியில எடுத்துப் பக்கத்துல வச்சிருவோம்" என்றான் பையன். எனக்கும் சரி என்று பட்டது. செருப்புப் பெட்டியில் கூட்டை அலுங்காமல் எடுத்து வைத்து, மூன்று அடி தள்ளி சன்ஷேடுக்கு அடியில் கட்டினோம். பெண் குருவி வந்தது. பெட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. பழைய சந்தில் நுழைந்து, ஒன்றுமில்லாத மூலையில் போய் நின்று, வெளியே வந்து, மறுபடி நுழைந்தது. முக்கால் மணி நேரம் இதையே செய்தது. டீக்கடை அக்கா, "மனுசன் கை பட்டா தாய் சேக்காதுப்பா" என்றார். நான் பதறிப்போய்க் கூட்டைப் பழைய மூலையிலேயே பழையபடி வைத்தேன். மதியம் வரைக்கும் வேலை ஓடவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் குருவி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கை பட்டதை அது பொருட்படுத்தவில்லை, இடம் மாறியதைத்தான் அதனால் ஏற்க முடியவில்லை. கண்ணில் படும்படி மூன்றே அடி தள்ளி வைத்தாலும் அதற்கு அது வேறு கூடு.

அப்படியென்றால் நான்தான் மாற வேண்டும். கணக்குப் போட்டேன். சிட்டுக்குருவி அடைகாப்பது 11 முதல் 14 நாள். பொரித்த பிறகு குஞ்சு பறக்க இன்னும் 15 நாள் போல. ஏற்கெனவே சில நாள் போயிருப்பதால் எனக்கு மிச்சம் மூன்றரை வாரம். சித்திரை பிறக்கப் போகிறது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார் புகைந்து வரும் காலம், வருடத்தில் எனக்கு நல்ல வியாபாரம் நடக்கும் மாதம். அன்று ராத்திரி வீட்டில் பேசும்போது பொத்தகுடி ஞாபகம் வந்தது. சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில், 2020இல், தெருவிளக்கு சுவிட்சு இருந்த பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட்டதற்காக ஊரே ஒரு மாதத்துக்கு மேல் விளக்குப் போடாமல் இருந்தது. மின்சார வேலை பார்க்கிறவன் என்பதால் அந்தச் செய்தி எனக்கு மறக்கவே இல்லை. ஒரு ஊர் இருட்டில் நடந்திருக்கிறது. எனக்குப் பின் கதவு இருக்கிறது, டியூப் லைட் இருக்கிறது. "சரி, ஒரு மாசம் சமாளிப்போம்" என்றாள் மனைவி.

முதல் சிக்கல் பூட்டு. ஒன்றரை அடித் திறப்பு என்றால் ஆள் படுத்து நுழையலாம். உள்ளே காப்பர் ஒயர் இருக்கிறது. முதல் இரண்டு ராத்திரி நானும் பையனும் மாறி மாறிக் கடையிலேயே படுத்தோம். மூன்றாம் நாள் பக்கத்து வெல்டிங் பட்டறையில், ஒரு அங்குல ஆங்கிளில் சட்டம் செய்து, நாலு அங்குலத்துக்கு ஒன்றாக 10 மில்லி சதுரக் கம்பி நிறுத்தச் சொன்னேன். கடை வாசல் 8 அடி என்று வாயால் அளவு சொன்னது என் தவறு. சேனலுக்கும் சேனலுக்கும் இடையே உள்ள அளவு 7 அடி 10 அங்குலம். சட்டம் நுழையவில்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு போய், அறுத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தோம். வேலை முழுவதையும் பட்டறையிலேயே முடித்தோம். கூட்டுக்குக் கீழே தீப்பொறி கூடாது. ஷட்டர் பூட்டத் தரையில் ஏற்கெனவே இருந்த இரண்டு வளையத்திலும் சட்டத்தைச் சேர்த்துப் பூட்டிவிட்டேன். இரும்பு 14 கிலோ, கிலோ 75 வீதம் 1,050 ரூபாய். கூலி 500.

அதிலும் ஒன்றைக் கவனிக்கவில்லை. நாலு அங்குல இடைவெளியில் ஆள் வர முடியாது, பூனை தாராளமாக வரும். ஆறாம் தேதி காலை உள்ளே போனால் ஸ்டேட்டர் (மோட்டாரில் காயில் சுற்றும் சுழலாத பாகம்) அடுக்கும் ரேக்கின் உச்சியில் ஒரு பூனை மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ரேக்கிலிருந்து கூடு இரண்டரை அடி. பூனையை விரட்டிவிட்டு, அன்றே கோழி வலை வாங்கிச் சட்டம் முழுக்கக் கட்டினேன், 180 ரூபாய். ரேக்கையும் சுவரிலிருந்து நாலடி நகர்த்தினேன். குருவி வந்து போவது வெளிப்பக்கம் மேலே, தகரப் பெட்டிக்கும் ஷட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒன்றரை அங்குலச் சந்து வழியாக. வலையால் அதற்குத் தொந்தரவு இல்லை.

அடுத்தது பின் கதவு. அகலம் 2 அடி 4 அங்குலம். வெளியே சந்து. படி மூன்று, மொத்த உயரம் 20 அங்குலம். 5 எச்பி மோனோபிளாக் மோட்டார் 50 கிலோவைத் தாண்டும், அதை ஆள் பிடித்து இறக்கி ஏற்றுவது ஒரு நாள் இரண்டு நாள் நடக்கும், மாதம் முழுக்க நடக்காது. ஆறடி நீள சென்ட்ரிங் பலகை இரண்டை வாடகைக்கு எடுத்துச் சரிவாகப் போட்டு, சிலிண்டர் தள்ளும் டிராலியில் மோட்டாரைக் கட்டி ஏற்றினோம். செங்குத்தாக இருந்தது. முதல் மோட்டாரே பாதியில் வழுக்கிப் பின்னால் வந்து, பையன் விலகிக்கொண்டதால் கால் தப்பியது. எட்டடிப் பலகைக்கு மாற்றினேன். குறுக்கே ஒரு அடிக்கு ஒன்றாகப் பழைய டயர் பட்டையை ஆணி அடித்தேன். அதற்குப் பிறகு ஒன்றுகூட வழுக்கவில்லை. பலகை வாடகை மொத்தம் 300.

முள்ளிப்பள்ளம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மோட்டாரோடு வந்து, முன்பக்கம் மூடியிருப்பதைப் பார்த்துக் கோபமாகத்தான் ஆரம்பித்தார். "என்ன தம்பி, கொடி வாடிக்கிட்டு இருக்கு, நீ கடையைச் சாத்திட்டு இருக்க?" உள்ளே கூட்டிப்போய்க் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். வெற்றிலைக்கு ஒரு நாள் தண்ணீர் தவறுவது என்ன என்பது எனக்கும் தெரியும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வா, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்றார். அவர் மோட்டாரை அன்று ராத்திரியே சுற்றி, மறுநாள் மும்முனை மின்சாரம் வருவதற்குள் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். எல்லோரும் அப்படி இல்லை. நாலைந்து பேர் வாடிப்பட்டிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அவர்கள் அவசரம் அவர்களுக்கு. ஏப்ரலில் வழக்கமாக 20 மோட்டார் போல வரும். அந்த மாதம் 13தான் செய்தேன்.

கடைக்குள் மாற்றியது இரண்டு. ஒன்று சீலிங் ஃபேன். குருவி சுற்றும் ஃபேனில் அடிபட்டு விழுவதைச் சின்ன வயதில் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். பெரிய குருவிகள் சில நேரம் கடைக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றும் என்பதால் ஃபேனுக்குப் போகும் ஒயரையே கழற்றி டேப் சுற்றினேன். சுவிட்சை மட்டும் நம்பினால் வருகிற யாராவது தட்டிவிடுவார்கள். வலை மூடிய டேபிள் ஃபேனைத் தரையில் வைத்துக்கொண்டு, முன்பக்கக் காற்றும் இல்லாமல், பனியனைப் பிழிந்து பிழிந்து வேலை பார்த்தோம். இன்னொன்று வார்னிஷ். காயில் சுற்றி முடித்து வார்னிஷில் முக்கி, பல்பு போட்ட டிரம்மில் உலர்த்துவோம். அந்த நெடி மனிதனுக்கே தலையை வலிக்கும், அதுவும் நேராக மேலே ஏறும். டிரம்மை வீட்டுக் கொல்லைக்கு மாற்றினேன். ஒவ்வொரு ஸ்டேட்டரையும் எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு போய் வர வேண்டியிருந்தது.

ஏப்ரல் 10 காலை இரண்டு முட்டை பொரித்திருந்தன. மூன்றாவது பொரிக்கவே இல்லை. அது கூட்டை எடுத்து வைத்த அன்று ஆறிப்போனதா, ஷட்டர் ஆடியதிலா என்று பல நாள் யோசித்தேன்.

குஞ்சு பொரித்த சந்தோஷத்தில் வாசலில் குருணை தூவினேன். காக்காய் வந்தது, அணில் வந்தது, ராத்திரி எலி வந்தது. குருவி குருணையைக் கொத்தித் தான் தின்றதே தவிர, குஞ்சுக்குக் கொண்டுபோனது எல்லாம் பச்சைப் புழுவும் சின்னப் பூச்சியும்தான். முதல் சில நாள் குஞ்சு வளர்வதே அதில்தான். மூன்றாம் நாளே குருணையைக் கூட்டித் தள்ளிவிட்டு, அகலமான மண்சட்டியில் ஒரு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் மட்டும் வைத்தேன். சுற்றிலும் கொடிக்காலில் அகத்தி நிற்கிறது. புழுவை அங்கே குருவியே தேடிக்கொண்டது.

ஏப்ரல் 19. கண்ணாடியில் பார்த்தபோது ஒரு குஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இன்னொன்றின் இடது கால் மட்டும் பின்னால் நீண்டு, மற்றது அசையும்போதெல்லாம் இழுபட்டது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். என் கடைக் காயில் நூல். கூட்டில் பின்னியிருந்தது காலில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகி, கணுவுக்குக் கீழே சிவந்து வீங்கியிருந்தது. நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலையும் ஒயர் பிடிக்கும் ட்வீசரையும் ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்துக்கொண்டேன். பையன் டார்ச் பிடித்தான். இழுக்கக் கூடாது, தோலோடு வரும். ட்வீசரால் நூலைத் தூக்கி, அடியில் கத்தரி நுனியை நுழைத்து, இரண்டு இடத்தில் வெட்டினேன். கூட்டில் தொங்கிய மற்ற நூல்களையும் கைக்கு எட்டியவரை வெட்டி எடுத்தேன். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். 48 ஸ்லாட் (கம்பி விடும் காடி) ஸ்டேட்டரில் கை நடுங்காமல் ஒயர் விட்டவன், அன்று இறங்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுவே இன்னும் மூன்று நாலு நாள் கழித்து என்றால் கை வைத்திருக்க மாட்டேன். இறகு முளைத்த குஞ்சு பயந்து பறக்கத் தெரியாமலே குதித்துவிடும். மறுநாள் சாயங்காலம் அது இரண்டு காலிலும் நின்றது.

25ஆம் தேதி முதல் குஞ்சு பறந்தது. வெளியே போகாமல் கடைக்குள் இறங்கி, ஒரு மோட்டார் மூடி மேல் உட்கார்ந்து கத்தியது. நான் கட்டிய கோழி வலை இப்போது அதற்குத் தடை. டியூப் லைட் எல்லாவற்றையும் அணைத்தேன். சட்டத்தின் பூட்டைத் திறந்து முழுதாக வெளியே எடுத்தேன். கடை இருட்டாகி, கீழே ஒன்றரை அடி மட்டும் வெளிச்சம். நாங்கள் பின் சந்தில் போய் நின்றுகொண்டோம். வெளியே வேப்பமரத்தில் தகப்பன் குருவி விடாமல் கூப்பிட்டது. இருபது நிமிடத்தில் குஞ்சு தரையில் தத்தித் தத்தி வெளிச்சத்துக்கு வந்து, வாசலில் நின்று, மரத்துக்குப் போய்விட்டது. நூல் சிக்கிய குஞ்சு மறுநாள் 26ஆம் தேதி நேராக வெளியிலேயே பறந்தது. 24 நாள்.

பறந்துவிட்டது என்று ஓய்ந்து உட்கார்ந்திருந்தால் இன்னொரு மாதம் போயிருக்கும். 27ஆம் தேதி காலையிலேயே பெண் குருவி வாயில் புதுப் புல்லோடு அதே சந்துக்கு வந்தது. ஒரே கோடையில் இரண்டு மூன்று முறை முட்டையிடும் இனம். உடனே கண்ணாடியில் பார்த்தேன், புது முட்டை இல்லை. வாயிலும் மூக்கிலும் துணி கட்டி, கையுறை போட்டு, பழைய கூட்டை எடுத்தேன். பொடிப் பொடியாகச் செள்ளுப் பூச்சி ஊர்ந்தது. பிராக்கெட்டைத் துடைத்து, ஷட்டரை முதல்முறையாக முழுதாகத் தூக்கி கிரீஸ் போட்டேன். வெளிச் சந்தில் அரை அங்குல வெல்டட் மெஷ் வைத்து, ஷட்டர் உரசாத அளவுக்கு வளைத்து, ஸ்க்ரூ அடித்தேன். முதலில் பஞ்சுப் பட்டை ஒட்டிப் பார்த்தேன், பத்தே நிமிடத்தில் குருவி கொத்திப் பிய்த்துவிட்டது.

இடத்தை அடைத்துவிட்டு இடம் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அன்றே கைவசம் இருந்த 18 மில்லி பிளைவுட்டில் பெட்டி செய்தேன். துளை போடக் குழாய்க்கு வைத்திருந்த 50 மில்லி ஹோல்சாதான் இருந்தது. அதையே போட்டேன், உட்காரக் குச்சியும் வைத்தேன். ஒரு வாரத்தில் மைனா எட்டிப் பார்த்தது, பிறகு அணில் தேங்காய் நாரை அடைத்துக் குடியேறியது. குருவி ஜோடி எதிர்வீட்டு ஓட்டுச் சந்துக்குப் போய்விட்டது. அணிலை நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெட்டி இன்றைக்கும் அதற்குத்தான்.

இந்தத் தை மாதம் இரண்டாவது பெட்டி. 12 மில்லி மரப்பலகை. உள் அளவு 6க்கு 6 அங்குலம், உயரம் 10 அங்குலம். துளை 32 மில்லி, அடியிலிருந்து 6 அங்குல உயரத்தில். இதற்கென்று ஹோல்சா 140 ரூபாய்க்கு வாங்கினேன். குச்சி கிடையாது, குருவிக்கு அது தேவையில்லை, மற்றதற்குத்தான் பிடிமானம். முன்பலகையின் உள்பக்கம் குஞ்சு ஏறி வர ரம்பத்தால் குறுக்கே கீறிவிட்டேன். அடியில் 5 மில்லித் துளை நாலு. உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் இல்லை. சரிவான மூடிக்குக் கீல் போட்டேன், சுத்தம் செய்ய வசதி. கிழக்குச் சுவரில், சன்ஷேடுக்கு அடியில், 10 அடி உயரத்தில் மாட்டினேன். பலகை, கீல், ஸ்க்ரூ எல்லாம் 260 ரூபாய். கூடு தேடும் காலத்துக்கு முன்னாலேயே மாட்டியதுதான் முக்கியம். போன வருடப் பெட்டி தாமதம்.

மாசிக் கடைசியில் ஆண் குருவி துளையில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தது. பங்குனி முதல் வாரம் வைக்கோல் போனது.

அடுத்த பெட்டியில் மூடியை இன்னும் ஒரு அங்குலம் முன்னால் நீட்டுவேன், சாரல் துளை வரைக்கும் வருகிறது. வெட்டிய நூலுக்கும் டேப்புக்கும் இப்போது மூடி போட்ட தகர டப்பா இருக்கிறது. பையன் ஒரு துண்டுகூடக் கீழே விடுவதில்லை. கடையை நாலு நாளுக்கு மேல் பூட்ட வேண்டி வந்தால், யாரையாவது தினம் ஒரு முறை ஷட்டரைத் தூக்கி இறக்கச் சொல்லிவிட்டுத்தான் போவேன். மெஷ் இருக்கிறது, இருந்தாலும்.

பெட்டிக்குள் எத்தனை குஞ்சு என்று திறந்து பார்க்கவில்லை. சத்தத்தை வைத்து மூன்று என்கிறான் பையன். ஷட்டர் காலை எட்டரைக்கு முழுதாக ஏறுகிறது. சீலிங் ஃபேன் ஒயரை மட்டும் நேற்றே கழற்றிவிட்டேன். பெட்டி வாசலுக்கு நேர் மேலே இருக்கிறது. பறக்கும்போது இதுவும் கடைக்குள்தான் முதலில் இறங்கும்.